கடைசிக் கம்பத்து வீட்டு மிக்ஸி

இன்று கரண்ட் ஆபீஸில் தேங்காய்ச் சட்னி அரைத்துவிட்டு வந்தேன்.

எங்கள் வீடு தெருவின் கடைசிக் கம்பத்தில் இருக்கிறது. ட்ரான்ஸ்ஃபார்மர் ஊரின் மறுகோடியில். நடுவிலிருக்கும் கிணற்று மோட்டார்களும், புதிதாக வந்த ஷூ தைக்கும் ஷெட்டும் இழுத்தது போக மிச்சம்தான் எங்களுக்கு. காலையில் மிக்ஸியைப் போட்டால் முனகும், சுற்றாது.

மூன்று முறை புகார் கொடுத்தேன். மூன்று முறையும் அந்த ஆபீஸ் அதிகாரி சொன்னது ஒன்றுதான்.

"வோல்டேஜ் கரெக்டா வருதும்மா. உன் மிக்ஸி பழசு, அதை மாத்து."

இன்று நான் வேலை பார்க்கும் ஆம்பூர் கம்பெனியில் அரைநாள் லீவு சொல்லிவிட்டு, மிக்ஸியைக் கட்டைப்பையில் வைத்து பஸ் ஏறினேன். ஜாருக்குள் தேங்காய், பச்சைமிளகாய், பொட்டுக்கடலை எல்லாம் தயார். நேராகப் போய், அவர் மேஜைக்குப் பக்கத்து பிளக்கில் செருகி ஸ்விட்சைப் போட்டேன்.

ஆபீஸே திரும்பிப் பார்க்கிற சத்தம்.

"இன்னாம்மா இது, ஆபீஸா சமையக்கட்டா?" என்று எழுந்தார்.

"அதே பழைய மிக்ஸிதான் சார். இங்க மட்டும் எப்படி இந்த சுத்து சுத்துது?"

மூடியைத் திறந்து காட்டினேன். வெண்ணெய் மாதிரி அரைபட்டிருந்தது.

"நாளைக்கு ஆள் அனுப்பி லைனைப் பாக்கச் சொல்றேன். நீ கெளம்பும்மா."

"ஆள் வர்ற வரைக்கும் தினம் இங்கயே வந்து அரைச்சுக்கறேன் சார்."

எதிர்வீட்டு மேரி அக்கா நாளை கிரைண்டரோடு வருவதாகச் சொல்லிவிட்டார். அந்தக் கல்லைத் தூக்க இரண்டு பேர் வேண்டும். யார் வருகிறீர்கள்? அரிசி எங்களுடையது, கரண்ட் அந்த அதிகாரியுடையது.