புகை டெஸ்டில் பெயிலான எங்கள் கார்

பச்சை பெட்ரோல் நாற்றம்... கண்ணில் நீர் வரும் அளவுக்கு.

ஓசூரில் ஒரு பங்க் ஓரம் நின்ற வேனிலிருந்து ரப்பர் குழாயை இழுத்து, எங்கள் பழைய காரின் சைலன்சருக்குள் செருகியிருந்தார்கள். மீட்டர் முள் சிவப்புக்குப் போய் அங்கேயே நின்றுவிட்டது.

"புகை ஜாஸ்தி இதெ பாய். பாஸ் ஆகாது," என்றார் வேன்காரர் எங்கள் அப்பாவிடம், பாதி கன்னடத்தில்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. நான் ஒன்பதாம் வகுப்பு. பின்சீட்டில் மெஹர் அக்கா, மாவுக்கட்டுப் போட்ட காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். மத்தியானம் அவளுக்குப் பெங்களூரில் நர்சிங் காலேஜ் இன்டர்வியூ. அந்தக் காலோடு பஸ் ஏற முடியாது. புகை சர்டிபிகேட் இல்லாமல் பார்டர் தாண்டினால் போலீஸ் ஓரம் கட்டிவிடும்.

பக்கத்து ஷெட்டிலிருந்து மெக்கானிக் சீனு அண்ணன் வந்தார். கார்புரேட்டர் ஸ்க்ரூவைத் திருகினார். இன்ஜின் நடுங்கியது, முள் அசையவில்லை. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினார். விளக்குக் கரி மாதிரி காய்ந்த கறுப்பு.

"ஆயில் எரிஞ்சா பிசுபிசுன்னு இருக்கும். இது பெட்ரோல் ஜாஸ்தி. கார்புரேட்டர எறக்கணும் பாய், சாயந்தரம் ஆயிரும்."

"அத்தா, மணி என்ன?" அக்கா கேட்டுக்கொண்டே இருந்தாள். அத்தா வாட்ச்சையே பார்க்கவில்லை.

எனக்கு வேதியியல் பாடம்தான் மண்டைக்குள் ஓடியது.

"அண்ணே... காத்து பத்தாம எரிஞ்சாலும் இப்படித்தானே கரி வரும்? காத்து எது வழியா உள்ள போகுது?"

"ஏர் பில்டர் வழியா. அத தொட வேணாம்னு உங்க அத்தாதான் சொன்னாரே."

"நானே சுத்தம் பண்ணி வச்சிருக்கேன்பா," என்றார் அத்தா ரோஷமாக.

"எதுக்கும் பாத்துடலாம் பாய்." வட்டத் தகர மூடியைத் திறந்தார். உள்ளே பில்டரைச் சுற்றி அம்மாவின் பழைய நூல் புடவைத் துணி, ரெண்டு மடிப்பாக. அதன்மேல் மாவு அப்பினாற்போல் வெள்ளைத் தூசி.

"ரோட்டுல கிரானைட் லாரி... தூசி உள்ள போகக் கூடாதுன்னு..." அத்தா இழுத்தார்.

"காருக்கு என்ன ஜலதோஷமா பாய்? மூக்கயே கட்டிப் போட்டிருக்கீங்க!"

அக்காதான் முதலில் சிரித்தாள். அழுதபடியே.

துணியை உருவி, பில்டரைத் தட்டி, ஸ்க்ரூவைப் பழையபடி வைத்தார்கள். முள் மெல்ல இறங்கியது. இங்க் காயாத சர்டிபிகேட்டோடு பறந்தோம். கடைசி ஆளாக உள்ளே போனாள் அக்கா. சீட் கிடைத்தது.

போன வாரம் என் காரில் மஞ்சள் இன்ஜின் லைட் எரிந்தது. சர்வீஸ் சென்டரில் ஏசி ரூம், காபி. கார் கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம். எட்டிப் பார்த்தால், "உட்காருங்க மேம், மெசேஜ் வரும்" என்றார்கள்.

வந்தது. 'ஜாப் கம்ப்ளீட்டட்.'

என்ன கோளாறு என்று நாலு பேரிடம் கேட்டுவிட்டேன்... இன்னும் தெரியவில்லை.