தேசிக்காயோடு வந்தவர்கள்

துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற என் கணவருக்குக் கண் மங்கத் தொடங்கியதும், எங்கள் பழைய காரை விற்பதென்று முடிவாயிற்று. இணையத்தில் விளம்பரம் போட்டார். நாலு பக்கமும் படம், வீட்டு விலாசம், காரின் குறைகள் அத்தனையும்.

"கலியாணம் பேச வாறவைக்குக்கூட ஒருத்தரும் இவ்வளவு உண்மை சொல்ல மாட்டினம்" என்றேன். அவர் சிரித்தார். எனக்கோ அன்று முதல் வந்த அழைப்பெல்லாம் கள்ளர்களின் அழைப்பாகத்தான் பட்டது.

வெள்ளிக்கிழமை காலை ஓர் இளம் தம்பதி ஆட்டோவில் வந்து படலையடியில் இறங்கினார்கள். திரியாய்க் கிராமத்து ஆட்கள். அவளுக்கு நிறைமாதம். அவன் கையில் பூமாலை, கற்பூரம், புதிதாய் எடுக்கும் காரின் சில்லுகளுக்கடியில் வைத்து நசிக்க நாலு தேசிக்காய்.

"காரை எடுக்க வந்தனாங்கள் அம்மா. விளம்பரம் பாத்த அண்டைக்கே அட்வான்ஸை பாங்கிலை போட்டிட்டம்."

எங்களுக்கு யாரும் ஒரு சதமும் போடவில்லை. "உந்தக் கதை இஞ்சை வேண்டாம், வெளிக்கிடுங்கோ" என்று படலையைப் பூட்டினேன்.

அவன் கோபப்படவில்லை. கம்பிகளுக்கூடாகப் போனைக் காட்டினான். எங்கள் கார், எங்கள் விலாசம், எங்கள் விளம்பரமேதான். தொலைபேசி இலக்கம் மட்டும் வேறு யாருடையதோ.

"இந்த இலக்கத்திலை இருந்தவர் மரியாதையாத்தான் கதைச்சவர் அம்மா. நல்ல நேரம் முடியமுதல் காசைப் போடுங்கோ, வெள்ளிக்கிழமை வீட்டை வந்து எடுங்கோ எண்டவர். நேரம் தப்பக்கூடாதெண்டு காரைப் பாக்காமலே போட்டனான்."

என் கணவர் அந்த இலக்கத்துக்கு எடுத்துப் பார்த்தார். அது வேலை செய்யவில்லை.

அவள் அழவில்லை. "இனி ஆஸ்பத்திரிக்கு பஸ்ஸிலைதான்" என்று அவனிடம் மெல்லச் சொன்னாள். என் நெஞ்சு கரைந்துபோயிற்று. நிறைமாதக்காரியை வெயிலில் நிற்க வைத்தேனே என்று வெட்கமாகவும் இருந்தது. உள்ளே கூட்டிவந்து கதிரை போட்டுத் தேத்தண்ணி கொடுத்தேன்.

என் கணவர் என்னைப் பார்த்தார். நாற்பது வருடமாகப் பார்க்கிற பார்வை, என்ன கேட்கிறார் என்று தெரியாதா? "தம்பி, கையிலை இருக்கிற மிச்சக் காசைத் தாங்கோ, அது காணும், காரைக் கொண்டு போங்கோ" என்று நானே சொல்லிவிட்டேன்.

அவன் காசுப் பையைத் திறக்கவில்லை. நிலத்தைப் பார்த்தபடி கேட்டான்.

"குறை நினையாதேங்கோ அம்மா. கார்ப் பதிவுப் புத்தகத்தையும் ஐயாவின்ர அடையாள அட்டையையும் ஒருக்காப் பாக்கலாமோ?"

"ஓம், பாக்கத்தான் வேணும்" என்று இரண்டையும் எடுத்துக் கொடுத்தேன். எழுத்தெழுத்தாக ஒப்பிட்டான். கேட்க வேண்டியதைத்தான் கேட்டான். ஆனாலும் ஏதோ தப்புச் செய்தவன் மாதிரி அவன் குரல் கூசியதே, அதுதான் அவன் இழந்த காசைவிட எனக்கு வலித்தது.