வேலிக்கு உள்ளே இருந்தவர்

நான் தமிழ்ப் பள்ளியில் ஆறு வகுப்பு படித்தவன். படித்தவர்கள் கூடும் அறைக்குள் தேநீர்த் தட்டோடு போய், சத்தமில்லாமல் திரும்பி வந்தே பழகியவன். அப்படிப்பட்டவன் கதை எழுத உட்காருவது அதிகப்பிரசங்கித்தனம்தான். பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். வாயால் சொல்லலாமென்றால் நாலு பேருக்கு முன்னால் எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

கோலாலம்பூருக்கு வெளியே, செர்டாங் பக்கம், அரசாங்கக் கல்லூரி ஒன்றில் எனக்கு வேலை. நோயறையில், மருந்து கட்டும் டிரஸ்ஸருக்குக் கையாள். ஆசிரியர் சபை கூடும் நாட்களில் தேநீர் கொடுப்பதும் என் பொறுப்பு. கல்லூரித் தலைவர் வெள்ளைக்காரத் துரை. ஆனாலும் பெரிய விஷயம் எதையும் அவர் தனியாக முடிவு செய்யமாட்டார். ஆசிரியர்கள் நீள மேசையைச் சுற்றி உட்கார்ந்து பேசி, கை தூக்கி முடிவு செய்வார்கள். விடுதிக்குள் துரியான் பழம் கொண்டுவரலாமா என்று ஒரு பருவம் முழுக்கப் பேசினார்கள். கடைசியில், தாழ்வாரம் வரை கொண்டுவரலாம், கதவைத் தாண்டக்கூடாது என்று தீர்மானம் ஆயிற்று. வெளியே வந்து நான் தனியாகச் சிரித்தேன்.

அந்த வருஷம் விடுதியில் ஒரு மாணவருக்கு வைசூரி கண்டது. அவரைப் பட்டணத்து ஆஸ்பத்திரிக்கு ஏற்றிவிட்டு, அவரோடு ஒரே அறையில் இருந்தவரைத் தனியே வைத்தார்கள். ரப்பர் சோதனைத் தோட்டத்துக்கு அப்பால் ஒரு பலகைக் கொட்டகை, சுற்றிலும் முள்கம்பி வேலி. சின்ன வயதிலேயே எனக்கு வைசூரி வந்து, முகமெல்லாம் தழும்பு போட்டுவிட்டுப் போயிருந்தது. மறுபடி வராது என்று டிரஸ்ஸர் என்னையும் வேலிக்குள் அனுப்பினார்.

அந்த மாணவர் பட்டணத்தில், பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே லயத்துப் பிள்ளை. லயம் என்றால் வேலையாட்கள் குடியிருக்கும் வரிசை வீடுகள். அப்பா வண்டிச் சக்கரங்களுக்கு எண்ணெய் போடுகிறவர். ஒரே மகன். அந்த லயத்திலிருந்து கல்லூரிப் படி மிதித்த முதல் ஆள் அவர்தான். படிப்பு முடிய இன்னும் ஒரு பருவமே பாக்கி. முடித்தால் அரசாங்க வேலை நிச்சயம்.

கொட்டகை எனக்குப் பிடிக்கவில்லை. பட்டப்பகலிலும் ரப்பர் மரங்களுக்கு அடியில் வெளிச்சம் பச்சையாக, தண்ணீருக்குள் இருப்பதுபோல இருக்கும். வெயில் ஏறினால் ரப்பர்க்காய்கள் பட்டென்று வெடித்து, விதை கூரைத் தகரத்தில் விழும். யாரோ கல் விட்டெறிவதுபோலத் திரும்பிப் பார்ப்பேன். ஒருவரும் இருக்கமாட்டார்கள்.

ஒரு நாள் காலை அவருடைய அப்பா வந்தார். வேலிக்கு எட்ட நின்று கத்தித்தான் பேச வேண்டியிருந்தது.

"டேய், அம்மாவுக்கு முடியலடா! இழுத்துக்கிட்டுக் கெடக்கா. பாலு ஊத்தப் போனா வாயத் தொறக்க மாட்டேங்கறா. நான் ஊத்துனேன், அத்தை ஊத்துனா, எல்லாம் கடவாயில வழிஞ்சு போச்சு. ஒம் பேரத்தாண்டா சொல்றா."

மாணவர் வேலிக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அப்பா, தொரையப் போய்க் கேளுங்க. அவங்க விட்டா வந்துர்றேன்."

"கேட்டேன் சாமி. கூட்டம் போட்டுச் சொல்றேங்கறாரு."

அன்றே சபை கூடியது. வேலிக்குள் இருந்த நான் போகவில்லை; நடந்ததை டிரஸ்ஸர் வந்து சொன்னார். கணக்கு மாஸ்டர் ஒருவர் மட்டும் மாணவருக்காகப் பேசினாராம். அவர் யாழ்ப்பாணத்துக்காரர், அந்த லயத்துக்குப் பக்கத்திலேயே குடியிருந்தவர். பையனைக் காரில் கொண்டுபோய் வாசலில் நிறுத்தியாவது காட்டலாம் என்றாராம். மற்றவர்களையும் நான் கல்நெஞ்சர்கள் என்று சொல்லமாட்டேன். விடுதி நிறையப் பிள்ளைகள், அந்தப் பக்கம் லயம் நிறையக் குழந்தைகள். போகக்கூடாது என்று கைகள் தூக்கப்பட்டன. மீறி வேலி தாண்டினால் கல்லூரியிலிருந்து நீக்கம் என்றும் முடிவாயிற்று.

நான் போய்ச் சொன்னதும் மாணவர் "சரிண்ணே" என்றார். அவ்வளவுதான்.

மறுநாள் மத்தியானம் மழை பிடித்தது. நான் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தேன். கொட்டகைக்கு அந்த ஒரு வாசல்தான். ஜன்னல்களுக்குக் கொசுவலைக் கம்பி அடித்திருந்தது. அவர் கட்டிலில் சம்மணமிட்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். எனக்கு அவர் முதுகு நன்றாகத் தெரிந்தது.

"தம்பி, தேத்தண்ணி போடட்டுமா?" என்றேன்.

மறுபடி கூப்பிட்டேன். ஆட்கள் காலி செய்துவிட்டுப் போன வீட்டில் கூப்பிட்டால் குரல் எப்படித் திரும்புமோ, அப்படித் திரும்பியது. முதுகு அங்கேதான் இருந்தது. சட்டையின் மடிப்புகூட எனக்குத் தெரிந்தது. ஆனால் கிட்டப் போய்த் தொட எனக்குத் தைரியம் வரவில்லை. தொட்டால் என்ன இருக்கும் என்ற நினைப்பு ஏன் வந்ததென்று தெரியவில்லை. மழையைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டேன்.

மழை குறையும் நேரத்தில் பின்னால் பலகை அதிர்ந்தது. அவர் எழுந்து வந்து நின்றார்.

"தலைக்குக் குளிக்கணும்ணே."

"மழையிலயா? காய்ச்சல் வந்தா டிரஸ்ஸர் என்னை உரிச்சிருவாரு, தம்பி."

"குளிக்கணும்" என்றார். உடுத்திய துணியோடு தொட்டியருகே போய், தலையில் தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றிக்கொண்டார். சாவு வீட்டிலிருந்து வந்தவர்கள் குளிக்கிற குளியல் அது. பார்த்தபோது எனக்கு உறைக்கவில்லை.

அடுத்த நாள் காலையில் கணக்கு மாஸ்டர் வேலிக்கு வெளியே வந்து நின்றார். என்னை மட்டும் கையசைத்துக் கூப்பிட்டார்.

"இஞ்ச பாரும். இவர் நேற்று வெளிக்கிட்டுப் போனவரோ?"

"இல்லீங்களே, மாஸ்டர். நான் வாசல்லயே இருந்தேன்."

"வடிவா யோசிச்சுச் சொல்லும்."

"போகலீங்க."

கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். முந்திய நாள் மத்தியானம் அவர் மாணவரின் வீட்டுக்குப் போயிருக்கிறார். சனத்தோடு உள்ளே நின்றபோது, பின்வாசலால் மகன் வந்தாராம். யாரோடும் பேசாமல் தாயின் தலைமாட்டில் உட்கார்ந்து பாலை ஊற்றினாராம். இறுகிக் கிடந்த வாய் திறந்ததாம், பால் இறங்கியதும் உயிர் பிரிந்ததாம். வந்த வழியே மகன் போய்விட்டாராம். அழுகைக்குள் யாரும் தடுக்கவில்லை. துரை இரங்கி அனுப்பிவிட்டார் என்று அப்பா லயமெங்கும் சொல்லிக்கொண்டிருந்தார்.

"வெளியில அந்த மழை. அவற்ர சேர்ட்டில ஒரு துளி ஈரமில்லை" என்றார் மாஸ்டர். பிறகு குரலைத் தாழ்த்தினார். "நான் சபைக்குச் சொல்லாமல் இருக்கேலாது. அந்த வீட்டில பிள்ளையள் இருக்குதுகள். அம்மை குத்த வேணும்."

தாய் இறந்த செய்தியை நான்தான் மாணவரிடம் சொன்னேன். மாஸ்டர் பார்த்ததையும் சொன்னேன். அவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். ஆச்சரியப்படவில்லை.

ஒதுக்கி வைத்த காலத்தின் கடைசி நாளன்று சபை மறுபடி கூடியது. யாருக்கும் ஒட்டக்கூடாதென்று மேசையைத் தாழ்வாரத்தில் போட்டு, எங்கள் இருவரையும் புல்தரையில் தள்ளி நிற்க வைத்தார்கள். மாஸ்டர் கண்டதை இங்கிலீஷில் சொன்னார். பிறகு துரை என்னிடம் மலாயில் கேட்டார், இவன் வெளியே போகவில்லை என்பது நிஜந்தானா என்று.

"பெத்துல், துவான்" என்றேன். நிஜம் என்று அர்த்தம். இத்தனை பேர் பார்க்க நான் பேசியது அதுதான் முதல் தடவை.

துரைக்கு அந்தப் பிள்ளையைக் கல்லூரியைவிட்டு அனுப்ப மனமில்லை என்பது முகத்தில் தெரிந்தது. மேசையைச் சுற்றி ஏதோ பேசினார்கள். பிறகு மாஸ்டர் எழுந்து மாணவரிடம் தமிழில் சொன்னார்.

"தம்பி, அறை இருட்டு, நான் பிழையாய்க் கண்டிருக்கலாம் எண்டு சபை சொல்லுது. நீர் போகேல்லை எண்டு ஒரு சொல்லுச் சொன்னாப் போதும். உம்மட சொல்லை எடுப்பினம். இல்லையெண்டு சொல்லும்."

மாணவர் ஓரடி முன்னால் வந்தார்.

"மாஸ்டர், அம்மா குடிச்சாங்களா?"

"குடிச்சவ. ஒரு சொட்டும் வெளியில வரேல்லை."

"அப்ப போனது நான்தான்."

"தம்பி!"

"நான்தான் போனேன். எழுதிக்கச் சொல்லுங்க."

மாஸ்டர் அதை இங்கிலீஷில் சொல்ல வெகுநேரம் எடுத்துக்கொண்டார். கைகள் ஒவ்வொன்றாக உயர்ந்தன. மாஸ்டரின் கை மேசைமேல் அப்படியே கிடந்தது. துரை என்னைப் பார்த்தார். நான் பொய் சொன்னவனாகிவிட்டேன். ஆனால் என்னை ஒன்றும் கேட்கவில்லை.

கொட்டகைக்குத் திரும்பும் வழியில் எனக்குத் தாங்கவில்லை.

"ஏன் தம்பி இப்படிச் செஞ்சீங்க? என் கண்ணு முன்னாலதானே உக்காந்திருந்தீங்க?"

"ஆமாண்ணே."

"அப்புறம்?"

"நான் போகலேன்னு சொன்னா, அப்பா காதுக்குப் போகும். அப்ப ஊத்துனது யாருன்னு அவரு கேப்பாருல்ல? அம்மா யாருக்கு வாயத் தொறந்தாங்கன்னு கேப்பாருல்ல? காலம் பூரா அதையே நெனச்சுக்கிட்டுக் கெடப்பாரு, அண்ணே."

"நெசமாச் சொல்லுங்க. நீங்க போனீங்களா?"

அவர் நின்று என்னைப் பார்த்தார். ஒளிப்பவர் பார்வையாக அது இல்லை. அவருக்கே தெரியாததை நான் சொல்லிவிடுவேனோ என்று எதிர்பார்ப்பதுபோல இருந்தது.

"பாலு சூடா இருந்துச்சு" என்றார். "ஆத்தி ஊத்துனேன்."

அதற்குமேல் நான் கேட்கவில்லை.

மறுநாள் காலை வண்டியில் அவர் பெட்டியோடு பிரிக்பீல்ட்ஸ் போனார். டிரஸ்ஸர் சொன்னபடி நான் கொட்டகையைப் பினாயில் விட்டுக் கழுவி, சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தேன்.