டாக்டர் எழுதாமல் விட்டது

எங்கள் பக்கத்து டாக்டர் ஒருவர் எழுதிய அனுபவப் புத்தகத்தை மகள் வாசித்துக் காட்டினாள். ‘அம்மை கண்ட பிள்ளைகளை என்னிடம் கொண்டுவராமலே சாகவிட்டார்கள்’ என்று அதில் இருந்தது. கேட்டதும் அவருடைய ஆஸ்பத்திரியின் ஸ்பிரிட் வாடை மூக்கில் ஏறியது.

என் சின்ன வயதில், தட்டம்மை கண்ட தங்கச்சியை அப்பா அவரிடம்தான் தூக்கிப்போனார். நானும் கூட ஓடினேன். அவள் தலையில் அம்மா வேப்பிலை செருகியிருந்தாள்.

அதைப் பார்த்த டாக்டர், “மாரியாத்தாகிட்டயே போங்க. இங்க எதுக்கு வந்தீங்க?” என்றார்.

“ஆத்தாதானுங்க உங்ககிட்ட அனுப்பிச்சா. புள்ளைக்கு மூச்சு இழுக்குதுங்க சாமி!” என்று அப்பா கும்பிட்டார்.

டாக்டர் கதவைச் சாத்திவிட்டார். ஊடு வந்து சேருமுன் தங்கச்சி அப்பா தோளிலேயே போய்விட்டாள்.

“‘எங்க தாத்தா கொண்டாந்தாரு’ன்னு அந்த வரிக்குப் பக்கத்துல எழுது சாமி,” என்றேன் மகளிடம்.

“லைப்ரரி புஸ்தகம்ப்பா. கிறுக்கக் கூடாது.”

“கிறுக்குனது அவரு. நீ எழுது.”