சுண்டையில் காய்த்த கத்திரிக்காய்

ஆவடியில் எங்கள் குவார்ட்டர்ஸ் வீட்டுக்குப் பின்னால் கத்திரிச் செடி வைத்தால், பூக்கிற சமயத்தில் பொசுக்கென்று வாடிச் செத்துவிடும். அதே மண்ணில், சாக்கடை ஓரம் தானாக முளைத்த சுண்டைச் செடி மட்டும், தண்ணீர் ஊற்ற ஆளில்லாமல் முள்ளும் இலையுமாகக் கொழுத்து நின்றது. எனக்கு அதைப் பார்த்தாலே எரிச்சல். சுண்டையில் கத்திரியை ஒட்டுக் கட்டும் வீடியோ ஒன்றை செல்போனில் பார்த்த பிறகு எரிச்சல் போய் ஆசை வந்தது.

சுண்டையின் இளந்தண்டு ஒன்றை பிளேடால் வெட்டி, நடுவில் பிளந்து, ஆப்பு போலச் சீவிய கத்திரி நுனியைச் செருகினேன். பால் பாக்கெட்டைக் கீறிக் கட்டினேன். மேலே ஒரு பாலிதீன் கவர். ஒட்டும் என்று நானே நம்பவில்லை. கவருக்குள் புது இலை எட்டிப் பார்த்த அன்று வீட்டுக்காரரைக் கையைப் பிடித்து இழுத்துவந்து காட்டினேன். வேர் சுண்டையுடையது என்றால் காயும் கசக்கத்தான் செய்யும் என்றார். கசக்காது என்றேன். உள்ளுக்குள் எனக்கும் தெரியாது.

ஊதாப் பூ வந்து பிஞ்சு பிடித்தபோது, அவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டதால் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டிய நாளும் வந்துவிட்டது. பிள்ளைகள் வளர்ந்த வீட்டை விட்டுப் போகிற துக்கம் ஒரு பக்கம். கசக்குமா கசக்காதா என்று தெரியாமலே போகிறோமே என்பது இன்னொரு பக்கம். இரண்டாவதுதான் என்னை அதிகம் குடைந்தது என்றால் யார் நம்புவார்கள்?

கொரட்டூரில் மூன்றாவது மாடிக்குக் குடிபோனோம். கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்தேன், மனசு கேட்கவில்லை. தபால் ஏதாவது வந்ததா என்று கேட்கிற சாக்கில் ஆவடிக்குப் போனேன். புதிதாகக் குடிவந்த பெண் பின்பக்கம் கூட்டிப்போனாள். கத்திரிக்காய் மஞ்சளாக முற்றித் தொங்கியது.

"கீழ சுண்ட, மேல கத்திரி. இன்னா செடின்னே புரியலக்கா. வெசமா இருந்தா இன்னா பண்றதுன்னு பறிக்காம உட்டுட்டேன்."

நடந்ததைச் சொன்னேன். அவளுக்கும் ஆவல் தொற்றிக்கொண்டது. அப்போதே பறித்து, எண்ணெயில் வதக்கி, ஆளுக்கொரு துண்டு வாயில் போட்டோம். கசந்தது. நன்றாகவே கசந்தது. ஆனால் முற்றின கத்திரிக்காய் எந்தச் செடியில் காய்த்தாலும் கசக்குமே. யார் சொன்னது சரி என்று எப்படிச் சொல்வது? எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அதற்குள் அவள் செடியண்டை போய்க் கிளையைப் புரட்டி அடுத்த பூவைக் கண்டுபிடித்திருந்தாள்.

"இத பிஞ்சுலயே பறிச்சிடலாம், போன் பண்றேன். நீங்க வராம நான் வாயில வெக்க மாட்டேன்க்கா."

என் நம்பரை அவள் போனில் நானே போட்டுக்கொடுத்தேன். கசந்த விஷயத்தை வீட்டுக்காரரிடம் இதுவரை மூச்சு விடவில்லை.