பொட்டு வைத்த பவர் வால்வுகள்

இதை எழுதலாமா, வேண்டாமா என்று நாலைந்து வருஷமாகத் தயங்கினேன். எழுதினால் வீட்டில் சோறு கிடைக்குமா என்று ஒரு பயம். சாமி விஷயத்தில் கூடக்குறையச் சொல்லிவிடுவேனோ என்று இன்னொரு பயம்.

போன வாரம் பக்கத்துத் தெருப் பெண் ஒருத்தி, ஓடாத மிக்ஸியோடு எங்கள் வாசலில் வந்து நின்றாள். "அக்கா இருக்காகளா? இதுக்குப் பொட்டு வைக்கணும்!"

போதும்... இனி வாயை மூடிக்கொண்டிருக்க முடியாது.

எங்கள் ஆனையூர்த் தெரு மாரியம்மன் கோயிலில், ஆடி வெள்ளிக்குக் கூழ் ஊற்றும்போது பாட்டுப் போடுவது என் பொறுப்பு. என் வால்வு ஆம்ப்ளிஃபயரில்தான். கண்ணாடிக் குடுவை மாதிரி நாலு பவர் வால்வு. அவை சூடேறினால்தான் சத்தம். அந்தச் சத்தம் இருக்கிறதே — காதில் நெய் விட்ட மாதிரி!

என் சம்சாரத்தின் தம்பிக்கு அது ஆகாது. "மாமா, இந்த இட்லிக் கொப்பரையை எடைக்குப் போடுங்க. நம்ம பயலுக டிஜே பாக்ஸ் கொண்டாராங்க" என்பான். ஆத்தா முன்னால் டிஜேவா? கூழ் குடிக்கிறவர் நெஞ்சு அதிராதா?

நாலைந்து வருஷத்துக்கு முன், ஓர் ஆடி வெள்ளிக் காலையில் சும்மா சுவிட்சைப் போட்டுப் பார்த்தேன். ஒரு வால்வுக்குள் இருந்த தகடு மட்டும் உலையில் வைத்த இரும்பாகச் செக்கச்செவேல் என்று ஆனது. ஸ்பீக்கரில் கொர்ர்ர்...

மச்சான் விசிலடித்தான். "சாயங்காலத்துக்குள்ள பாடலைன்னா பாக்ஸ் வந்துரும் மாமா!"

கோரிப்பாளையத்தில் ரேடியோ ரிப்பேர் பார்க்கும் பாய்க்குப் போன் போட்டேன்.

"மொதல்ல பிளக்கை உருவுங்கண்ணே! நல்லா ஆறட்டும். அப்புறம் வால்வுகளைக் கழட்டி, அடியில இருக்க பின்னையெல்லாம் தொடைங்க. செவந்த வால்வைப் பக்கத்துக் குழியில மாத்தி மாட்டுங்க. அங்கேயும் அதே செவந்தா வால்வு அவுட்டு. பழைய குழியில போட்டது செவந்தா, கோளாறு குழியில. எதுன்னு அடையாளம் வச்சுக்கங்க, மறந்துறாதீக."

அடையாளத்துக்கு எங்கே போக? பூஜை அலமாரியில் குங்குமம் இருந்தது. சிவந்த வால்வின் நெற்றியில் ஒரு பொட்டு. நாலின் பின்களையும் துணியால் துடைத்துத் தாம்பாளத்தில் வைத்துவிட்டு, கோயிலுக்கு ஒயர் இழுக்கப் போனேன்.

திரும்பி வந்தால் — நாலுக்கும் பொட்டு! சந்தனம், மேலே குங்குமம், தலைக்கொரு மல்லிகைப்பூ.

"ஏம்மா... என்ன இது?" என்றேன் சம்சாரத்திடம்.

"ஆடி வெள்ளியும் அதுவுமா, ஒருத்திக்கு மட்டும் பொட்டு வச்சு, மத்த மூணு பேரை வெறும் நெத்தியோட உக்கார வச்சிருக்கீகளே, நல்லாவா இருக்கு?"

 மறுபடி பாய்க்குப் போன். நடந்ததைச் சொன்னேன். அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு.

"அண்ணே, இனி நோயாளி யாருன்னு நோயாளிதான் சொல்லணும். மாட்டிப் பாருங்க. எது செவந்தாலும் டக்குனு அணைங்க."

பூவை எடுத்தேன். பொட்டை அழிக்க மனசு வரவில்லை. வால்வுகளை மாட்டி, ஆம்ப்ளிஃபயரைக் கோயில் வாசலில் வைத்து, "ஆத்தா, மானத்தைக் காப்பாத்து" என்று சுவிட்சைப் போட்டேன். ஒன்றுமே சிவக்கவில்லை. சந்தனம்தான் கருகிப் புகைந்தது.

"பொகையுது மாமா! பாக்ஸுக்குச் சொல்லவா?" என்றான் மச்சான்.

அந்த நேரம் பார்த்துப் பாட்டு வந்தது பாருங்கள் — பிசிறில்லாமல்! கூழ்ச் சொம்போடு நின்ற பெண்கள் குலவை போட்டார்கள். புகை வாசத்தில் ஒருத்திக்கு அருளே வந்துவிட்டது. மச்சான் கன்னத்தில் போட்டுக்கொண்டு, போனில் பல்லைக் கடித்தான். "பாக்ஸ் வேணாம் மாப்ள... வண்டியைத் திருப்பு."

பாய் பிறகு விளக்கினார். "வால்வெல்லாம் நல்லதுதாண்ணே. பின்னுல அழுக்கு. வால்வை அடக்கி வைக்கிற வோல்டேஜ் போய்ச் சேரலை, துள்ளிருச்சு. தொடைச்சதும் அடங்கிருச்சு."

தெரு கேட்குமா? என் சம்சாரத்தின் விரலில் சக்தி இறங்கிவிட்டதாம்! அன்றிலிருந்து டேபிள் ஃபேன், சார்ஜ் ஏறாத செல்போன் எல்லாம் வருகின்றன. அவளும் "இதுக்கு நெத்தி எது?" என்று திருப்பித் திருப்பிப் பார்த்துப் பொட்டு வைக்கிறாள். கொடுமை என்னவென்றால், சிலது ஓடியும் விடுகிறது!

ஆத்தா துணை இருந்தாள். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால், துணியை என் கையில் கொடுத்தவளும் அவள்தானே?

இதை யாரிடமாவது சொன்னால், படித்தபடியே சொல்லுங்கள். ஒரு சொல் கூட்ட வேண்டாம், குறைக்க வேண்டாம். முக்கியமாக — பின்னைத் துடைத்தது நான் என்கிற இடத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள்!