வாத்தியார் சொன்ன பேரிங்

போன ஞாயிற்றுக்கிழமை மகளுக்காகப் பழைய கார் ஒன்று பார்க்கத் தருமபுரிக்குப் போயிருந்தோம், நானும் என் மனைவியின் அண்ணனும். விற்க வந்த இளைஞர் வண்டியைக் கிளப்பியதும் செய்த முதல் காரியம், பாட்டைச் சத்தமாக வைத்தது. எனக்கு அங்கேயே பொறி தட்டிவிட்டது.

"பாட்ட நிறுத்துங்க தம்பி."

நிறுத்தினார். வேகம் அறுபதைத் தொட்டதும் பின்பக்கம் 'ஊம்' என்று ஒரு முனகல்.

"ரோடு சத்தம்ங்க சார்."

"ரோடு சத்தம்னா வளைவுல மட்டும் ஏன் கூடுது?"

அவர் வண்டியைத் திருப்பினார். திரும்பி வந்ததும் பின் சக்கரத்தை ஜாக்கி வைத்துத் தூக்கச் சொன்னேன். அவர் ஜாக்கிக்குப் பதிலாகப் போனை நீட்டினார். வண்டியைச் சோதித்த அறிக்கையாம். மேலிருந்து கீழ்வரை பச்சை டிக். இத்தனை பச்சையைக் கண்டால் எனக்குச் சந்தேகம் இரண்டு பங்காகும். "சாமி நேர்ல வந்து வரம் குடுத்தாலும் பில்லு கேப்பீங்க" என்பாள் என் மனைவி. கேட்டால் என்ன தப்பு?

வேண்டாவெறுப்பாக ஜாக்கி வந்தது. உட்கார்ந்து சக்கரத்தின் மேலே ஒரு கை, கீழே ஒரு கை வைத்து ஆட்டினேன். பல் ஆடுவதுபோல் லேசாக ஆடியது. கையால் சுற்றிவிட்டேன், சக்கரத்தைத் தாங்கிச் சுழலவிடும் பேரிங் உள்ளே மணல் அரைபடுவதுபோல் கரகரத்தது. கூடவே கருகிய கிரீஸ் வாடை. அந்த வாடை இருக்கிறதே, அதுதான் என்னை முப்பது வருடம் பின்னால் இழுத்துக்கொண்டு போய்விட்டது.

அப்போது நான் லாரி உதிரிபாகங்கள் விற்கும் கடையில் வேலைக்குச் சேர்ந்த புதிது. நாலு பேரிங்கைப் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தவுடனே பெரிய மெக்கானிக் என்ற நினைப்பு. இப்போது என்னோடு வந்திருந்த இந்த மச்சானும் அதை நம்பினார், பாவம். தீர்த்தமலைக்கு வருகிற பக்தர்களை ஏற்றி இறக்க டாக்சி ஓட்ட ஆசைப்பட்டு, கடத்தூரில் ஒரு வாத்தியாரின் பழைய கறுப்புக் காரைப் பார்க்க என்னைக் கூட்டிப்போனார்.

போகும்போதே எனக்கு வாத்தியார்மேல் சந்தேகம். கழுவித் துடைத்து வைத்திருந்தார், எதை மறைக்க? கேட்காமலே காபி கொடுத்தார், எதற்கு? அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். எனக்குப் பட்டப்பகலிலேயே பேய் தெரியும். பேச்சு முடிந்து, சக்கரத்தடியில் வைக்க எலுமிச்சம்பழம் வாங்க மச்சான் கடைத்தெருவுக்குப் போனார். அப்போது வாத்தியார் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"பின்னாடி எடதுபக்கம் ஆக்ஸில் பேரிங் தேஞ்சிருக்குதுங்க. மாத்திட்டு ஓட்டச் சொல்லுங்க. எங்க வூட்டுல மாடு வித்தாலும் கெட்ட சுழி இருந்தா அதச் சொல்லித்தான் குடுப்போம்."

எந்த மடையனாவது விற்கிற பொருளுக்குத் தானே குறை சொல்வானா? சின்னக் குறையைச் சொல்லிப் பெரிய குறையை மறைக்கிறார் என்று என் மண்டை கணக்குப் போட்டது. எஞ்சினைக் குடைந்தேன். ஆயிலை விரலில் தொட்டு மோந்தேன். கியர் பெட்டிக்கடியில் மல்லாந்து படுத்துச் சட்டையைக் கெடுத்துக்கொண்டேன். எல்லாம் சுத்தம். பின் சக்கரத்தை மட்டும் தொடவே இல்லை. அவர் சொன்னதாயிற்றே, அது பொய்யாகத்தான் இருக்க வேண்டும்! பழத்தோடு வந்த மச்சானிடம், "வண்டி கல்லு மாதிரி இருக்குது, எடுங்க" என்றேன். வாத்தியார் சொன்னதைச் சொல்லவில்லை.

வண்டி இரண்டு மாதம் ஓடியது. ஒருநாள் பக்தர்களை இறக்கிவிட்டு மச்சான் தனியாகத் திரும்பும்போது, பேரிங் பொடிந்து இடது பின் சக்கரம் ஆக்ஸிலோடு கழன்று வெளியே வந்துவிட்டது. கார் புளியமரத்தில் மோதியது. நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது அங்கே இதே கருகிய கிரீஸ் வாடை. கால் இரண்டு இடத்தில் முறிந்தது. டாக்சிக் கனவு அத்தோடு முடிந்தது. இன்றைக்கும் அந்தக் கால் இழுக்கும்.

சேதி கேட்டு வாத்தியார் ஆஸ்பத்திரிக்கு வந்தார், கையில் சாத்துக்குடிப் பையோடு. "ஓட்ட வண்டியத் தலையில கட்டிட்டு மூஞ்சியக் காட்ட வந்துட்டீங்களா?" என்று மச்சான் கத்திவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். வாத்தியார் என்னைப் பார்த்தார். நான் சொல்வேன் என்று கொஞ்ச நேரம் நின்றார். நான் போர்வையை மடித்துக்கொண்டிருந்தேன். மடித்ததையே பிரித்து மறுபடி மடித்தேன். "ஒடம்பப் பாத்துக்கங்க" என்று மச்சானிடம் சொல்லிவிட்டுப் போனார். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும் மச்சான் அந்தக் கதையைச் சொல்லுவார். நான் சாப்பாட்டு இலையைப் பார்த்துக்கொண்டு குனிந்திருப்பேன். வெட்கங்கெட்ட பிழைப்பு.

போன ஞாயிற்றுக்கிழமை தருமபுரியிலும் சக்கரம் ஆடியதைக் கண்டதுமே ஆரம்பித்துவிட்டார். "இப்புடித்தான் தம்பி, கடத்தூர்ல ஒரு வாத்தியாரு மறைச்சு வித்துதான் என் காலு போச்சு." போனில் பச்சை டிக்கோடு நின்றிருந்த அந்த இளைஞரையும் வாத்தியாரையும் ஒரே தட்டில் வைத்தது எனக்குப் பொறுக்கவில்லை. சக்கரத்தைப் பிடித்தபடியே சொல்லிவிட்டேன்.

"அவரு மறைக்கலைங்க மச்சான். எங்கிட்டச் சொன்னாரு. நாந்தான் நம்பல. உங்களுக்கும் சொல்லல."

இளைஞர் நைசாக நகர்ந்துவிட்டார். மச்சான் திட்டுவார், அடிக்கக்கூடச் செய்வார் என்று நினைத்தேன். அவர் காலைத் தடவிக்கொண்டே கேட்டார்.

"இத அவருகிட்ட எப்பவாச்சும் ஒத்துக்கிட்டீங்களா மாப்ள?"

"இல்லீங்க."

"அவருதான் போய்ச் சேந்துட்டாரே."

நான் எழுந்து கையில் ஒட்டிய கறையைத் துடைத்தேன், அது போகவில்லை. மச்சானே மறுபடி பேசினார்.

"கடத்தூர்ல ஒரு டீக்கடை விடாம அவரப் பத்தித் தப்பாச் சொல்லி வெச்சிருக்கறேன். இப்ப ஒவ்வொருத்தனாத் தேடிப்போயி, அவரு நல்ல மனுசன்னு சொல்லணுமுங்களே."

அதைக் கேட்டவர்களிலும் பாதிப் பேர் இப்போது உயிரோடு இல்லை.